பழிவாங்கும் இயற்கையைப் படமாக்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கும் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி போகிற சாலையில், தடாகம் பள்ளத்தாக்கிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். 'ஒற்றை யானை அட்டகாசம், பொதுமக்கள் பீதி' என்று வருகிற செய்திகளில் எங்கள் பக்கத்து ஊர்கள் அடிக்கடி அடிபடும். காடும் மிருகமும் வருகிற படம் என்றால் முதல் வாரமே போய்விடுகிற ஆள் நான். சின்ன வயதில் டூரிங் கொட்டகையில் பாம்புப் படம் பார்த்துவிட்டு வந்து, கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கவிடப் பயந்து தூங்கியிருக்கிறேன். மனிதன் தப்புச் செய்ய, காடோ கடலோ திருப்பி அடிக்கிற கதை எனக்கு அத்தனை பிடிக்கும். பிடித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் கடைசியில் '2.0' வந்தது. அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பறவைகளைக் காப்பாற்றச் சொல்லி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் செல்போன் கோபுரத்திலேயே தூக்கில் தொங்கிவிடுகிற பக்‌ஷிராஜனைப் பார்த்து அவள் அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் வழியே தெரிந்த ஒரு கோபுரத்தைக் காட்டி, "மாமா, இதையெல்லாம் எடுத்துட்டா குருவி திரும்ப வந்துருமா?" என்று கேட்டாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். பறவை பார்ப்பவர்கள் நாடு முழுக்கப் பதிந்துவைத்த தகவல்களைத் திரட்டி, 2020இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியானது. நாடு மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது அது. செல்போன் கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சி கிடைக்காமல் போனதும், கூடு வைக்க ஓட்டு வீட்டு இடுக்குகள் இல்லாமல் போனதும்தான் காரணமாக இருக்கலாம் என்பது பறவை ஆட்கள் பலரின் கருத்து.

அந்தப் படத்தை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. ஒரு பறவைக்காக அத்தனை பெரிய அரங்கத்தை அழவைத்தது சாதாரண வேலையா? ஆனால் என் அக்கா மகள் மனதில் அன்று பதிந்தது ஆதாரம் இல்லாத ஒரு குற்றச்சாட்டு. குருவியின் பெயரால் அழுத பிள்ளைக்கு, குருவிக்கு என்ன வேண்டும் என்பது கடைசிவரை தெரியவில்லை.

படம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2019 ஜனவரி 25ஆம் தேதி, எங்கள் பள்ளத்தாக்கில் நடமாடிக்கொண்டிருந்த ஓர் ஆண் யானைக்கு மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்து லாரியில் ஏற்றி, டாப்சிலிப் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். சின்னத்தம்பி என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டியிருந்தார்கள். கொண்டுபோய் விட்ட சில நாளிலேயே அவன் காட்டைவிட்டு இறங்கினான். நூறு கிலோமீட்டர் நடந்தான் என்று செய்திகள் சொல்லின. உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் பக்கம் வந்து கரும்புக்குள் நின்றான். டிவியில் காலையிலிருந்து ராத்திரிவரை அதுதான். டீக்கடையில் ஒருவர், "தன்னைப் பிடிச்சவங்களத் தேடி வருதுங்க. யானை மறக்காது" என்றார். சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். அந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே பாடமாகியிருந்தது.

அவன் யாரையும் தேடவில்லை. கரும்பு தின்றான், சேற்றில் படுத்தான், தூங்கினான். பிப்ரவரி 15 அன்று மறுபடியும் பிடித்து வரகளியாறு யானை முகாமில் மரக்கூண்டுக்குள் அடைத்தார்கள். பிறகு கும்கியாக்கினார்கள்.

இதற்கு ஆறேழு வருடம் முந்திய ஓர் இரவைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தோட்டம், பாதி வாழை. மணி இரண்டு இருக்கும். நாய் குரைக்கவில்லை, திண்ணைக்கு அடியில் போய் முனகியது. அப்பா டார்ச்சைக் கையில் பிடித்திருந்தார், ஆனால் அடிக்கவில்லை. முதலில் சத்தம்தான் கேட்டது, ஈரத்துணியை நீளமாகக் கிழிக்கிற மாதிரி. கண் பழகியபிறகு உருவம் தெரிந்தது. வாழையை முறித்துக் கீழே போட்டது. முன்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மட்டையை ஒவ்வொன்றாக உரித்தது. உள்ளே இருந்த வெள்ளைத் தண்டை எடுத்து, முழங்காலில் ரெண்டு தட்டுத் தட்டி மண் போக்கி, வாயில் வைத்தது. தார் அப்படியே மண்ணில் கிடந்தது. காது அசைகிற காற்றும், வயிற்றுக்குள் என்னவோ உருளுகிற ஒலியும் எங்களுக்குக் கேட்கிற தூரம். நாங்கள் நிற்பது அதற்குத் தெரியும். ஒருதரம் தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் மோந்தது. பிறகு அடுத்த வாழைக்குப் போனது. "சாப்பிட்டுட்டுப் போ சாமி" என்று அப்பா மெல்ல முனகியது இன்னும் காதில் இருக்கிறது. வாழைக்கு அடமானக் கடன் இருந்தது.

விடிந்ததும் எண்ணினார். பத்தொன்பது போயிருந்தது. அதோடு விடாமல் அடித்தடத்தைப் பிடித்துக்கொண்டே வேலியைத் தாண்டி நடந்தார். நானும் பின்னால் போனேன். தடம் நேராக ஒரு குழியில் போய் நின்றது. செங்கல் சூளைக்குச் செம்மண் எடுத்த குழி. தென்னை உயரம் ஆழம், சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டியது. யானை விளிம்புவரை வந்து நின்றிருந்தது, அங்கே மண் நன்றாக மிதிபட்டிருந்தது. அப்புறம் குழியைச் சுற்றி எங்கள் தோட்டத்துப் பக்கமாகத் திரும்பியிருந்தது. "ரெண்டு வருசத்துக்கு மின்னால இங்க பள்ளம் இருந்துச்சுடா. பள்ளத்துலயே எறங்கி மேக்க மலைக்குப் போயிரும். நம்ம பக்கம் தலையே காட்டாது" என்றார் அப்பா. எங்கள் ஊரில் பள்ளம் என்றால் ஓடை. குழிக்கு அந்தப்புறம் சூளையில் எரிக்கப் பனைமரங்களைத் துண்டுபோட்டு அடுக்கியிருந்தார்கள். அதில் சிலதை யானை நாராகக் கிழித்துப் போட்டிருந்தது. பனைக்குள்ளே இருக்கிற பனஞ்சோறு அதற்குப் பிடிக்கும்.

கதை இவ்வளவுதான். ஓடை போனது, வழி திரும்பியது, பனை வாசம் இழுத்தது, வாழை போனது. இதில் கோபம் எங்கே இருக்கிறது? அப்பாவுக்கு அதைப் படிக்க அடித்தடம் போதுமாக இருந்தது. சூளைகள் 2021இல், வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனபிறகு மூடப்பட்டன. குழிகள் அப்படியேதான் கிடக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்களுக்கு இரண்டு ஊர் தள்ளி, விடியற்காலை இருட்டில் வெளிக்குப் போன ஒருவரை யானை அடித்துவிட்டது. கூலி வேலைக்குப் போகிறவர். வீட்டில் கழிப்பறை இல்லை. துக்கம் கேட்கப் போயிருந்தேன். டவுனிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்து, "காட்டை அழிச்சா இயற்கை சும்மா விடுமா? திருப்பி அடிக்கத்தான செய்யும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார். சுவரோரம் உட்கார்ந்திருந்த, இறந்தவரின் மனைவியான அந்த அம்மா தலை நிமிர்ந்து கேட்டார்: "இவரு எந்தக் காட்டைங்க அழிச்சாரு?"

யாரும் வாய் திறக்கவில்லை.

இயக்குநர்களே, பழிவாங்கல் என்று ஒரு கதையைக் கட்டியதும் அதில் சாகிறவன் குற்றவாளி ஆகிவிடுகிறான். உங்கள் படத்தில் மரம் வெட்டியவன் சாகிறான், ரிசார்ட் முதலாளி சாகிறான், நாங்கள் கைதட்டுகிறோம். எங்கள் பக்கம் செத்தவர்கள் மாடு மேய்க்கப் போனவர்கள், விறகு பொறுக்கப் போனவர்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்து நடந்து வந்தவர்கள். மண்ணை விற்றுச் சம்பாதித்தவர்கள் யாரும் யானை நடமாடும் இடத்தில் குடியிருக்கவில்லை. 'மனிதன் இயற்கையை அழித்தான், இயற்கை மனிதனைத் தண்டித்தது' என்கிற வசனத்தில் அந்த முதலாளியும் இந்தக் கூலிக்காரரும் ஒரே 'மனிதன்' ஆகிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நமக்குப் பழிவாங்கும் கதை புதிதில்லை. மதுரையை எரித்த கண்ணகியைவிடவா? அவள்கூடத் தீக்கு ஆணையிடும்போது முதியவர், குழந்தைகள், பசுக்கள், அறவோர் என்று விலக்க வேண்டியவர்களைச் சொல்லி, தீயவர் பக்கம் மட்டும் போ என்றாள். அத்தனை கோபத்திலும் யார் செய்த தப்பு என்பது அவளுக்கு மறக்கவில்லை.

வெளிநாட்டுப் படங்களில் இதைச் சரியாகச் செய்தது என்று நான் நினைப்பது 1954இல் ஜப்பானில் வந்த 'காட்சில்லா'. அந்த வருடம் மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தது. சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் சாம்பல் கொட்டி, 23 பேருக்கும் கதிரியக்கம் பாதித்தது. வானொலி இயக்குபவராக இருந்தவர் செப்டம்பரில் இறந்தார். சந்தைக்கு வந்த மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். நவம்பரில் படம் வருகிறது. அதன் முதல் காட்சியே கடலில் ஒரு வெளிச்சம், எரிகிற கப்பல். கதைக்குள் ரயிலில் போகிற ஒரு பெண் கதிரியக்க மீனைப் பற்றிப் பேசுகிறாள். அமெரிக்கா என்ற பெயரைப் படம் சொல்லவில்லை. சொல்லாமலே கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. ராட்சதப் பல்லி கற்பனைதான், ஆனால் குண்டுக்கு ஒரு தேதி இருந்தது, ஓர் இடம் இருந்தது.

1975இல் வந்த 'ஜாஸ்' படத்தில் உண்மையான குற்றவாளி யார்? சுறா வந்திருக்கிறது என்று தெரிந்தும், விடுமுறை வியாபாரம் கெட்டுவிடும் என்று கடற்கரையை மூட மறுக்கிற மேயர். கதையில் அது தெளிவாகவே இருக்கிறது. ஆனால் பார்த்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது மேயரை இல்லை, சுறாவின் பல்லைத்தான். நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பின்னாளில் வருந்தி, 2006இல் இறக்கும்வரை சுறாக்களைக் காப்பாற்றப் பேசிக்கொண்டிருந்தார். சுறாக்கள் கொன்று தீர்க்கப்பட்டதில் தன் படத்துக்கும் பங்குண்டு என்று வருந்துவதாக ஸ்பீல்பெர்க் 2022இல் வெளிப்படையாகச் சொன்னார். படத்தில் ஒரு முகத்தைக் குற்றவாளியாகக் காட்டிவிட்டால் திரைக்கு வெளியே அது என்ன செய்யும் என்பதற்கு அவர்கள் இருவருமே சாட்சி.

ஹிட்ச்காக் 1963இல் எடுத்த 'பறவைகள்' படத்தில் அவை ஏன் தாக்குகின்றன என்று கடைசிவரை காரணமே சொல்லப்படாது. அந்த மர்மம்தான் அதன் அழகு என்பார்கள். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1961 ஆகஸ்ட் 18 விடியற்காலையில், கலிஃபோர்னியாவின் கேபிடோலா ஊரில் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூரைகளிலும் தெருவிலும் வந்து மோதி விழுந்தன. தின்ற மீனைக் கக்கின. ஹிட்ச்காக் அந்தச் செய்தியை உள்ளூர்ப் பத்திரிகையில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஐம்பது ஆண்டு கழித்து, அந்தக் கோடையில் எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த கடல்நீர் உயிரி மாதிரிகளைச் சோதித்தபோது விஷம் சுரக்கும் ஒருவகைப் பாசி நிறைய இருந்தது தெரிந்தது. பாசியைத் தின்ற மீன், மீனைத் தின்ற பறவை, பறவையின் மூளையில் விஷம். அந்தச் சமயத்தில் புதிது புதிதாக எழும்பிய வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிக் கசிவு பாசியை வளர்த்திருக்கலாம் என்றும் ஆராய்ச்சியாளர்கள் சந்தேகித்தார்கள். ஒரு வீட்டுக் கொல்லையில் கசியும் தொட்டியிலிருந்து தொடங்கி, நடு இரவில் கூரையில் வந்து விழுகிற பறவைவரை ஒரு படத்தை நினைத்துப் பாருங்கள். எனக்குக் கோபக்காரப் பறவையைவிட இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நம்மிடமே இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. பாறுக் கழுகுகள். எங்கள் தாத்தா காலத்தில் செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் ஒரு மணி நேரத்தில் எலும்புதான் மிஞ்சுமாம். 1990களில் தொடங்கி, பதினைந்து வருடத்துக்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இல்லாமல் போனது. யாரும் சுடவில்லை. மரத்தில் உட்கார்ந்தபடியே கழுத்து தொங்கும், அப்புறம் விழும். நோய் என்று நினைத்தார்கள். 2004இல்தான் காரணம் வெளிவந்தது: டைக்ளோஃபெனாக். மாட்டுக்குக் கால்வலி, மடிவீக்கம் என்றால் போடுகிற சாதாரண வலிநிவாரணி. அந்த மாடு செத்தால், அதைத் தின்ற பாறுவுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். நூறு பிணங்களில் ஒன்றில் மருந்து இருந்தாலே இத்தனை அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. ஆனால் மனிதருக்கான பெரிய பாட்டில்களை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதையும் தடுக்க 2015இல் பாட்டிலின் அளவையே 3 மில்லியாகக் குறைத்தார்கள்.

பாறு போனபிறகு பிணங்கள் வெளியிலேயே அழுகின. தெருநாய் பெருகியது, தண்ணீர் கெட்டது. 2000க்கும் 2005க்கும் இடையில் இந்தியாவில் இதனால் கூடுதலாக ஏறத்தாழ 5 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் 2024இல் மதிப்பிட்டார்கள். அந்தச் சாவுகளில் ஒன்றின் சான்றிதழிலும் 'பாறு' என்று எழுதியிருக்காது. எந்தப் பறவைக்கும் நம்மேல் கோபம் இல்லை. மாட்டுக்கு வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு மருந்து போட்ட விவசாயிமேலும் பழி இல்லை. இரக்கத்தில் தொடங்கி ஐந்து லட்சம் சாவில் முடிகிற திரில்லர் உலகத்தில் வேறு எந்த மொழிக்காரரிடம் இருக்கிறது? பாறுகளின் கடைசிக் கூடுகளில் சில நம் நீலகிரிச் சரிவில், மோயாற்றுக் கரை நீர்மருது மரங்களில்தான் இருக்கின்றன. போய்ப் படமெடுக்கத் தூரம்கூட இல்லை.

நான் கேட்பது இதைத்தான். பயமுறுத்துங்கள், தாராளமாகப் பயமுறுத்துங்கள். யானை வருகிற காட்சியில் என் மயிர்க்கால் சிலிர்க்கட்டும். ஆனால் அதன் கண்ணில் கிராபிக்ஸில் சிவப்பை ஏற்றாதீர்கள். அது எங்கிருந்து வந்தது, எந்த வழி அடைபட்டது, அடைத்தவர் எந்த ரசீதில் கையெழுத்துப் போட்டார் என்பதையும் அதே பயத்தோடு காட்டுங்கள். சாகிறவர் யார் என்பதில் பொய் சொல்லாதீர்கள். 2015 சென்னை வெள்ளத்தை நாம் 'இயற்கையின் சீற்றம்' என்றோம். மூன்று வருடம் கழித்து, அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தணிக்கைத் துறையின் (சி.ஏ.ஜி.) அறிக்கை அதை மனிதர்களால் வந்த பேரிடர் என்று எழுதியது. ஏரிக்குச் சீற்றம் வராது, மதகைத் திறப்பதற்கு ஓர் ஆணை வேண்டும். கிளைமாக்ஸில் மிருகத்தைச் சுட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகிற படம் இனி வேண்டாம், அது யானைக்கும் நல்லதில்லை, எங்களுக்கும் நல்லதில்லை. வசனத்தில் 'மனிதன்' என்று எழுத வரும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, எந்த மனிதன் என்று எழுதிப் பாருங்கள். அந்த அம்மா கேட்ட கேள்விக்குத் திரையில் யாராவது ஒருவர் பதில் சொல்லிவிட்டால் எனக்குப் போதும்.

கதை தேடி நீங்கள் ஊர் ஊராகப் போவீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் வாருங்கள். குழியைக் காட்டுகிறேன். விளிம்பில் இப்போது சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது, பார்த்துக் கால் வைக்க வேண்டும். அப்பாவுக்கு எழுபத்தாறு ஆகிறது, தடம் பார்த்து வயதுகூடச் சொல்வார். பலாப்பழக் காலத்தில் வந்தால் யானை வருகிற இரவாகவும் அமையலாம், அதனால் பகலிலேயே வந்துவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
தடாகம் பள்ளத்தாக்கிலிருந்து உங்கள் ரசிகன் ஒருவன்